ஜெர்மனிக்கு வேலைக்கு வருகிறீர்களா? விசா ஸ்டிக்கரிலிருந்து கையில் கார்டு வரும் வரை

பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன். ஜெர்மனி வந்து முதல் சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தால், பாதிக்குப் பாதி பிடித்தம். கம்பெனியில் போய்க் கேட்டேன். வரி எண் வரவில்லை, அதனால் ஆறாம் வகுப்பில், அதாவது இருப்பதிலேயே அதிகமாகப் பிடிக்கும் வகுப்பில், வரி பிடித்திருக்கிறார்கள். வரி எண் ஏன் வரவில்லை? அரசு அனுப்பிய கடிதம் திரும்பிப் போய்விட்டது. ஏன் திரும்பிப் போனது? நான் குடியிருந்த வீட்டுத் தபால் பெட்டியில் என் பெயர் ஒட்டவில்லை. அவ்வளவுதான்.

இந்த ஊரில் ஒரு தாள் இன்னொரு தாளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். எல்லாத் தாளுக்கும் அடியில் இருப்பது ஒரு முகவரி. அது சரியாக விழுந்தால் மீதி தானாக நகரும், விழாவிட்டால் என்னைப் போல மூன்று மாதம் அலைய வேண்டியதுதான். நான் எழுதுவது தமிழ்நாட்டிலிருந்து வேலை கிடைத்து, ப்ளூ கார்டு, அதாவது பட்டமும் நல்ல சம்பள வேலையும் உள்ளவர்களுக்கான தங்கும் அனுமதி, வழியாக வருகிறவர்களுக்கு. படிக்க வருகிறவர்களுக்கு படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கு வங்கிக் கணக்கு என்று வேறு சடங்குகள் உண்டு, ஆனால் ஊரில் இறங்கிய பிறகு அவர்களுக்கும் பாதை கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அது எப்போது காலாவதியாகிறது என்பது. ப்ளூ கார்டு அதிகபட்சம் நான்கு ஆண்டுக்குத் தருவார்கள், வேலை ஒப்பந்தம் அதற்குக் குறைவான காலத்துக்கு இருந்தால் ஒப்பந்தக் காலமும் மேலே மூன்று மாதமும். ஆனால் பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி கார்டு தர மாட்டார்கள். ஒன்றரை ஆண்டில் முடியப்போகிற பாஸ்போர்ட்டோடு வந்தால் ஒன்றரை ஆண்டில் மறுபடி அதே அலுவலகம், அதே வரிசை, மறுபடி கட்டணம். ஊரில் இருக்கும்போதே புதுப்பித்துவிட்டு வாருங்கள், இங்கே வந்து தூதரகத்துக்கு லீவு போட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, பெயர். நம் ஊர் ஆட்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. இனிஷியலோடு வாழ்ந்தவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இங்கே ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விதமாக முழிக்கும். பெரும்பாலும் இருக்கிற ஒற்றைப் பெயரையே குடும்பப் பெயராகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் வங்கியில் ஒரு மாதிரி, காப்பீட்டில் ஒரு மாதிரி, விமான டிக்கெட்டில் இன்னொரு மாதிரி என்று ஆகும். அப்பா பெயரையாவது குடும்பப் பெயராகப் பிரித்துப் போட்டுப் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்வது நல்லது. அதன் பிறகு ஆயுசுக்கும் உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பது வேறு விஷயம். டாக்டர் கிளினிக்கில் அப்பா பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போக எனக்கு இரண்டு மாதப் பழக்கம் தேவைப்பட்டது. டிகிரி சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரித்த பெயர் என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கேட்காமலும் போகலாம், கேட்டால் இருக்கும்.

டிகிரியும் சம்பளமும்

ப்ளூ கார்டுக்கு இரண்டு தூண். உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும், சம்பளம் ஒரு வரம்புக்கு மேல் இருக்க வேண்டும். வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். 2025-இல் ஆண்டுக்கு 48,300 யூரோ, 2026-இல் 50,700 யூரோ. ஐ.டி., பொறியியல், மருத்துவம் மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கும், பட்டம் வாங்கி மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கும் குறைந்த வரம்பு: 2025-இல் 43,759.80, 2026-இல் 45,934.20. வரம்பை ஒட்டி நூறு, இருநூறு யூரோ கூடுதலாக மட்டும் ஆஃபர் வந்திருந்து, விண்ணப்பம் டிசம்பரைத் தாண்டும் போலிருந்தால், சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்லி இப்போதே கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை, ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம்தான்.

பட்டத்துக்கு அனாபின் என்று ஒரு இணையத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஹெச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டு, என்று போட்டிருக்க வேண்டும், உங்கள் பட்டமும் இணையானது என்று தனியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். நம் ஆட்கள் கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டுக் காணோமே என்று பதறுவார்கள். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கேயும் பட்டம் சிக்கவில்லை என்றால் ஸாப் என்ற அரசு அமைப்பிடம் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், இருநூறு யூரோவுக்கு மேல் ஆகும், சில வாரங்களும் பிடிக்கும். மூன்றாண்டுப் பட்டம், தொலைதூரக் கல்வி வைத்திருப்பவர்கள் வேலை தேட ஆரம்பிக்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள், ஆஃபர் வந்த பிறகு ஓடாதீர்கள். ஐ.டி. துறைக்கு மட்டும் ஒரு சலுகை: பட்டமே இல்லாவிட்டாலும் கடந்த ஏழு ஆண்டில் மூன்று ஆண்டு தகுந்த அனுபவம் இருந்தால் ப்ளூ கார்டு கிடைக்கும். 2023 நவம்பரில் வந்த மாற்றம் இது.

விண்ணப்பம்

வேண்டியது நீண்ட நாள் தங்குவதற்கான தேசிய விசா, டி வகை. ஷெங்கன் சுற்றுலா விசாவில் வந்துவிட்டு இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவர் போன் நம்பரை அழித்துவிடுங்கள். 2025 தொடக்கத்திலிருந்து ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணைய வாசல் வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆவணங்களை ஏற்றினால், சரிபார்த்து, குறை இருந்தால் சொல்லி, அதன் பிறகுதான் கைரேகைக்கும் அசல் தாள்களுக்கும் நேரில் வரச் சொல்வார்கள். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்டலாம்.

ஆவணங்களில் வழக்கமான ஒப்பந்தம், சான்றிதழ், பயோடேட்டா போக, கம்பெனி நிரப்பித் தர வேண்டிய வேலை விவரப் படிவம் ஒன்று உண்டு. அதில் எழுதியிருக்கும் சம்பளம், வேலை நேரம், பதவிப் பெயர் மூன்றும் ஒப்பந்தத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். கம்பெனி அவசரப்படுத்தினால், விரைவு நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் போட முடியாது, கம்பெனிதான் இங்கிருந்து 411 யூரோ கட்டித் தொடங்க வேண்டும்.

விசா வந்ததும் பாயசத்துக்கு முன் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெயர் எழுத்து, தொடங்கும் தேதி, கீழே குறிப்புப் பகுதியில் கம்பெனி பெயர். வேலை செய்ய அனுமதி என்று அதில் எழுதியிருந்தால், தொடங்கும் தேதியிலிருந்தே வேலையில் சேரலாம், கார்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் ஒரு மாதம் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

வீடு: இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறோம்

முதல் மாதத்துக்குத் தற்காலிக அறை பிடிப்பீர்கள். பிடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா, அதற்கான தாளில் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? அந்தத் தாளுக்கு வோனுங்ஸ்கேபர்பெஷ்டெட்டிகுங் என்று பெயர். வாய் வலிக்கும், இருந்தாலும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இந்த ஆள் இந்தத் தேதியில் என் வீட்டுக்குக் குடிவந்தார் என்று வீட்டுக்காரர் எழுதித் தரும் ஒரு பக்கம்தான் அது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. விடுமுறை வாடகை அறைகளில் பலர் இதைத் தர மாட்டார்கள். வாடகை நூறு யூரோ கூடப் போனாலும் இந்தத் தாள் தருகிற அறையையே எடுங்கள்.

பணம் கொடுத்தால் முகவரி மட்டும் தருகிறேன், தங்க வேண்டாம் என்று சிலர் விற்பார்கள். தொடாதீர்கள். குடியிருக்காத முகவரியைத் தருகிறவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது, பதிவு செய்கிறவரும் மாட்டுவார், அது உங்கள் விசாவில் வந்து நிற்கும். அதேபோல நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முதலில் அட்வான்ஸ் போடுங்கள் என்று சொல்கிற வீட்டுக்காரர், வீட்டுக்காரரே இல்லை. அட்வான்ஸ் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகைதான், அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் பார்த்த நமக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

முகவரிப் பதிவு

குடிவந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள், இங்கே தமிழ் பேசும்போதும் அதே சொல்தான்: அன்மெல்டுங் முடிச்சாச்சா? பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைக்காது. பயப்பட வேண்டாம், நேரம் கேட்டுப் பதிவு செய்த மின்னஞ்சலை வைத்திருங்கள், முயற்சி செய்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. காலை ஏழு, எட்டு மணிக்கு இணையத்தில் பார்த்தால் ரத்தான இடங்கள் கண்ணில் படும்.

பாஸ்போர்ட், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள், படிவம், திருமணமானவர்கள் என்றால் திருமணச் சான்றிதழும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பும். பத்து நிமிட வேலை. படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் வரும். நம் ஊர் கிறிஸ்தவ நண்பர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ரோமன் கத்தோலிக்கம் அல்லது புராட்டஸ்டண்ட் என்று எழுதினால் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாக மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். மனமறிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் எழுதிவிட்டு ஆறு மாதம் கழித்து இது என்ன வரி என்று கேட்பது வேறு.

வெளியே வரும்போது கையில் ஒரு பதிவுச் சான்று இருக்கும். அதை ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, காப்பீடு, கார்டு அலுவலகம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்றைக்கே தபால் பெட்டி

அலுவலகத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய், தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. ஒரே கட்டடத்தில் பன்னிரண்டு குடித்தனம் இருந்தாலும் முகவரியில் தெருவும் கட்டட எண்ணும்தான் இருக்கும். தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். அழைப்பு மணிப் பலகையிலும் பெயர் வேண்டும். உள்வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே உங்கள் குடும்பப் பெயரை, அதாவது பாஸ்போர்ட்டில் உள்ளதை, வெள்ளைத் தாளில் எழுதி செலோடேப் போட்டு ஒட்டினால் போதும். எழுத்து மழையில் கரையாமல் டேப்பைத் தாள் முழுக்க ஒட்டுங்கள். இதற்குக் கூடவா அறிவுரை என்று சிரிக்காதீர்கள், நான் பணம் கொடுத்துக் கற்ற பாடம்.

பதிவான இரண்டு மூன்று வாரத்தில் பதினோரு இலக்க வரி எண் இந்தப் பெட்டிக்குத்தான் வரும், ஷ்டாயர் ஐடி என்பார்கள். ஆயுசுக்கும் ஒரே எண். அதைக் கம்பெனிக்குக் கொடுத்தால்தான் சரியான வகுப்பில் வரி பிடிப்பார்கள். எண் வரத் தாமதமானால் மூன்று மாதம் வரை பொறுத்து, வழக்கமான வகுப்பில் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. என் கம்பெனி அந்தத் தயவைக் காட்டவில்லை. கூடுதலாகப் போன பணம் பின்னால் சரிசெய்யப்பட்டு வந்துவிட்டது, ஆனால் வந்த புதிதில் வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் அல்லாடும்போது அது பெரிய அடி. மனைவி அல்லது கணவர் இன்னும் இந்தியாவில் இருந்தால் நீங்கள் ஒன்றாம் வகுப்புதான், அவர் இங்கே வந்து பதிவு செய்த பிறகுதான் தம்பதிகளுக்கான மூன்று, ஐந்து, நான்காம் வகுப்புக் கணக்கெல்லாம்.

அதே பெட்டிக்கு இன்னொரு கடிதமும் வரும், வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஏமாற்று வேலை என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. அது நிஜமான கடிதம், வீட்டில் டிவி இல்லை என்ற சாக்கும் செல்லாது. ஏற்கெனவே அந்த வீட்டில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தால் அவருடைய எண்ணைப் போட்டுப் பதில் அனுப்புங்கள், விட்டுவிடுவார்கள்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. வேலை தொடங்கும் நாள் வரைக்கும் ஒரு பயணக் காப்பீடு, தொடங்கியதும் அரசு சார்ந்த மருத்துவக் காப்பீடு. 2026-இல் ஆண்டுச் சம்பளம் 77,400 யூரோவைத் தாண்டினால் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம், முகவர்கள் தேனாகப் பேசுவார்கள். குடும்பம் வரப்போகிறது என்றால் போகாதீர்கள். பொதுக் காப்பீட்டில், வருமானமில்லாத மனைவிக்கும் பிள்ளைக்கும் தனிக் கட்டணம் இல்லை. தனியாருக்குப் போனவர் திரும்பி வருவது லேசில்லை.

இப்போது கார்டு

இதைக் கொடுப்பது வெளிநாட்டவர் அலுவலகம், ஆஸ்லெண்டர்பெஹோர்டே. விசா ஸ்டிக்கர் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரைதான் செல்லும், அதற்குள் இங்கே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவுச் சான்று கையில் வந்த வாரமே விண்ணப்பியுங்கள். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று ஆற அமர இருந்தால் அந்த ஐந்து மாதமும் நேரம் கிடைப்பதற்கே போய்விடும். சில ஊர்களில் இணையப் படிவம், சில ஊர்களில் மின்னஞ்சல், சில ஊர்களில் இன்னும் தபால்தான். எதுவானாலும் அனுப்பிய தேதிக்கு ஆதாரம் வையுங்கள்.

ஒப்பந்தம், அதற்குள் வந்திருந்தால் கடைசி மூன்று சம்பளச் சீட்டு, காப்பீட்டுச் சான்று, வாடகை ஒப்பந்தம், பதிவுச் சான்று கேட்பார்கள். புகைப்படம் 2025 மே முதல் டிஜிட்டல்தான், காகிதப் படம் செல்லாது. அலுவலகத்திலேயே இயந்திரம் இருக்கலாம், இல்லையென்றால் அங்கீகாரம் உள்ள ஸ்டுடியோவில் எடுத்து அவர்கள் தரும் குறியீட்டுத் தாளைக் கொண்டுபோக வேண்டும். கைரேகை, கையெழுத்து, ஏறக்குறைய நூறு யூரோ கட்டணம். கார்டு பெர்லினில் உள்ள அரசு அச்சகத்தில் தயாராகி வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். வரும்போது கூடவே பச்சை நிறத்தில் ஒரு மடிப்புத் தாள் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் கம்பெனியில் வேலை செய்யலாம் என்ற நிபந்தனையெல்லாம் அதில்தான் இருக்கும்.

விசா முடிகிற நாளுக்குள் கார்டு வரவில்லை என்றால்? முடிவதற்கு முன்பே நீங்கள் விண்ணப்பித்திருந்தால் பழைய உரிமைகள் அப்படியே தொடரும். அதற்குச் சான்றாக ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாள் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள், தானாக வராது. வாங்கியதும் அதில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிநாட்டவர் தங்கும் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் வேலை செய்யலாம், பாஸ்போர்ட்டோடும் பழைய விசாவோடும் ஊருக்குப் போய்த் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் நாட்டை விட்டு வெளியே போனால் அதை வைத்துத் திரும்பி வர முடியாது. 4 இருந்தாலும் வளைகுடா வழியாகப் போகும்போது விமான நிலையக் கவுண்டரில் இது என்ன தாள் என்று முழிப்பார்கள், ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். தங்கச்சி கல்யாணம் மாதிரி தவறவிட முடியாத காரியம் ஏதும் இருந்தால் தேதியை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், பயணச் சீட்டின் நகலோடு. எனக்கு மூன்று மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை, நான்காவதை அச்சிட்டு அவர்கள் கட்டடத்துத் தபால் பெட்டியில் போட்டேன், அடுத்த வாரம் கூப்பிட்டார்கள்.

கார்டு வந்த பிறகு

முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் 30 நாள் வரை நிறுத்திவைத்து ஆராயலாம். அதனால் புது இடம் உறுதியாகும் வரை பழைய வேலையை விடாதீர்கள். ப்ளூ கார்டில் இருப்பவர் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதி காலாவதியாகும், மற்ற அனுமதிகளுக்கு அது ஆறு மாதம்தான். நிரந்தரக் குடியிருப்பு 27 மாதத்தில் கிடைக்கும், பி1 அளவு, அதாவது நடுத்தர நிலை, ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில். அந்த ஆறு மாதத்துக்காகவாவது மாலை வகுப்பில் சேருங்கள், வந்த முதல் வாரமே. பிறகு சேரலாம் என்றவர்கள் யாரும் சேர்ந்து நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குடும்பத்தை அழைக்கும்போது ப்ளூ கார்டுக்காரருக்கு ஒரு பெரிய சலுகை: துணைவர் ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை, வந்ததும் எந்த வேலையும் செய்யலாம். சிக்கல் மறுபடி பெயரில்தான். எனக்கு என் அப்பா பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயர், மகளுக்கு என் பெயர், ஆக ஒரு வீட்டில் மூன்று குடும்பப் பெயர். பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மா, மகளின் பிறப்புச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இவள் உங்கள் சொந்த மகளா என்று மிக மரியாதையாகக் கேட்டார். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், இரண்டுக்கும் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் முத்திரை போட்ட மொழிபெயர்ப்பு கையில் இருந்ததால் தப்பித்தோம்.

இப்போது எங்கள் தபால் பெட்டியில் மூன்று பெயர் ஒட்டியிருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி வெகுநாள் எங்களை ஒரு வீட்டை மூன்று பேர் பங்குபோட்டுக் குடியிருக்கிறவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.